தரம் வேறுபட்ட விண்படங்களை ஸ்டேக் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே இரவில் எடுத்த படங்கள்கூட ஒரே தரத்தில் அமைவதில்லை. முன்னிரவில் வானம் திறந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் கேரளப் பக்கத்து முகட்டைத் தாண்டி மெல்லிய மேகம் இறங்கும். நள்ளிரவில் மறுபடி தெளியும். அதற்குள் லென்ஸில் பனி படிந்திருக்கும். விடிவதற்கு முன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் கம்பம்மெட்டுச் சாலையிலும் குமுளிச் சாலையிலும் வரிசையாக ஏறும்போது அவற்றின் முகப்பு வெளிச்சம் படத்துக்குள் புகுந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் இரவு முழுக்க ஓடும். ஓரியன் வசதியான உயரத்தில் நிற்கும் காலமும் அதுதான்.

ஒரே பொருளின் பல படங்களை, அதாவது ஃப்ரேம்களை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவதுதான் ஸ்டேக். இப்படித் தரம் கலந்து சேர்ந்த ஃப்ரேம்களை என்ன செய்வது? சிலர் எல்லாவற்றையும் ஒரே எடையில் போட்டுச் சராசரி எடுக்கிறார்கள். சிலர் மிகச் சிறந்த இருபது சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம். போடியிலும் குமுளியிலும் ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்கிறார்களே, அதே முறைதான் இங்கேயும் வேண்டும்: சிறியதற்குக் குறைந்த விலை உண்டு, சொத்தைக்கு மட்டும் இடமில்லை. ஒரு ஃப்ரேமின் குறை எந்த வகை என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், அதற்கு எடையைக் குறைப்பதா, திருத்துவதா, தூக்கி எறிவதா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இந்த வழிகாட்டியில் சிரில் மென்பொருளை வைத்தே பேசுகிறேன். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டீப்ஸ்கைஸ்டேக்கர் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். முக்கியமான வேறுபாடுகளை இடையிடையே சொல்கிறேன்.

எடை ஏன் முக்கியம்

ஒரே தரமுள்ள ஃப்ரேம்களை அடுக்கினால் இரைச்சல் (படத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும் கலக்கம்), எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். நான்கு ஃப்ரேம் சேர்த்தால் பாதி, நூறு சேர்த்தால் பத்தில் ஒரு பங்கு. இது எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் தரம் வேறுபட்டால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஓர் உதாரணம். முதல் இரவு அமாவாசையை ஒட்டியது. இரண்டாம் இரவு நிலா இருந்ததால் வானத்தின் பின்னணி நான்கு மடங்கு வெளிச்சம். பின்னணி வெளிச்சத்தால் வரும் இரைச்சல் அந்த வெளிச்சத்தின் வர்க்கமூலம் என்பதால், இரண்டாம் இரவின் இரைச்சல் இரண்டு மடங்கு. முதல் இரவின் ஸ்டேக்கில் இரைச்சல் 1 என்று வைத்துக்கொண்டால், அதே எண்ணிக்கையுள்ள இரண்டாம் இரவின் ஸ்டேக்கில் 2. இரண்டையும் சம எடையில் சராசரி எடுத்தால் இரைச்சல் 1.12 ஆகும். அதாவது இன்னொரு இரவு முழுக்க உழைத்தும் படம் முன்பைவிட மோசமாகிறது! அதே இரண்டையும் 4:1 என்ற எடையில் சேர்த்தால் இரைச்சல் 0.89. முதல் இரவை மட்டும் வைத்திருந்தால் கிடைப்பதைவிட இது சுமார் பத்து சதவீதம் நல்லது.

விதி இதுதான்: எடை = 1 ÷ (இரைச்சல் × இரைச்சல்). இரைச்சல் இரண்டு மடங்கானால் எடை கால் பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. சரியான எடை கொடுத்துவிட்டால், இரைச்சல் மட்டுமே குறையாக உள்ள எந்த ஃப்ரேமும் படத்தைக் கெடுக்காது, கொஞ்சமாவது உதவும்.

"இரைச்சல் மட்டுமே குறையாக உள்ள" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். காற்றில் ஆடி நீண்டுபோன நட்சத்திரத்தை எந்த எடையும் வட்டமாக்காது.

படி 1: களத்திலேயே பிரித்து வைப்பது

ஒவ்வொரு இரவுக்கும் தனி ஃபோல்டர். அதற்குள் எக்ஸ்போஷர் நேரம், ஐஎஸ்ஓ வாரியாகத் தனி ஃபோல்டர்கள். லைட் (வானத்தின் படம்), டார்க் (லென்ஸை மூடி எடுப்பது), ஃப்ளாட் (சமமான வெளிச்சத்தை எடுப்பது), பயாஸ் (மூடியபடி மிகக் குறுகிய எக்ஸ்போஷரில் எடுப்பது) நான்கும் கலக்கவே கூடாது. எல்லாம் ரா கோப்புகளாக இருக்க வேண்டும். ஜேபெக்கில் நேர்கோட்டுத் தன்மை போய்விடும் என்பதால் மேலே சொன்ன கணக்கு எதுவும் அதில் செல்லாது.

ஒரு குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதி வையுங்கள்: எப்போது மேகம் வந்தது, எப்போது நிலா எழுந்தது, எப்போது லென்ஸைத் துடைத்தீர்கள். பிறகு வரைபடத்தைப் படிக்கும்போது இந்தச் சில வரிகள் பெரிய உதவி.

ஃப்ரேம்களுக்கு இடையே கேமராவைச் சில பிக்சல் நகர்த்தும் டிதரிங்கை விடாதீர்கள். நம் பகுதியில் இது கூடுதலாக அவசியம். துருவ நட்சத்திரம் இங்கே தொடுவானத்திலிருந்து பத்து டிகிரி உயரம்கூட இல்லை. தென்னையோ மலையோ மறைத்துவிடும். வானத்தின் சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் ட்ராக்கரின் அச்சைத் துருவத்துக்கு நேராக வைக்கும் துருவ ஒழுங்கு சரியாக அமையாததால் படம் மெல்ல ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகும். டிதரிங் இல்லாவிட்டால் சென்சாரின் நிலையான குறைகள் அந்தத் திசையில் கோடு கோடாக இழுபட்டுத் தெரியும்.

படி 2: ஒவ்வொரு இரவையும் தனியாகக் காலிபரேட் செய்வது

டார்க், ஃப்ளாட், பயாஸ் கொண்டு லைட்டில் உள்ள கேமரா, லென்ஸ் குறைகளை நீக்குவதுதான் காலிபரேட் செய்வது. இங்கே சோம்பல் படக்கூடாது. தரம் வேறுபட்ட இரவுகளைச் சேர்க்கும்போது பலருக்கும் இடறுவது இந்தப் படியில்தான். ஃபோகஸைத் தொட்டாலோ, கேமராவைத் திருப்பினாலோ, சென்சாரில் புதுத் தூசி விழுந்தாலோ பழைய ஃப்ளாட் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு இரவுக்கும் அதற்குரிய ஃப்ளாட். மாலையிலோ விடிகாலையிலோ லென்ஸின் மேல் வெள்ளைத் துணியை இறுக்கி, தலைக்கு மேலுள்ள வானத்தை நோக்கி எடுத்தால் போதும். ஹிஸ்டோகிராம் நடுப்பகுதியில் இருக்கட்டும்.

டார்க் எடுக்கும்போது எக்ஸ்போஷரும் ஐஎஸ்ஓவும் லைட்டோடு ஒத்திருக்க வேண்டும். வெப்பநிலையும் முடிந்தவரை ஒத்திருக்க வேண்டும். குளிர்விப்பான் இல்லாத டிஎஸ்எல்ஆரில், சித்திரையில் எடுத்த டார்க்கைத் தை மாத லைட்டுக்குப் போட்டால் சூடான பிக்சல்களை அளவுக்கு மீறிக் கழித்துவிடும். படத்தில் கருப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

டீப்ஸ்கைஸ்டேக்கரில் இதற்கு 'குரூப்' வசதி இருக்கிறது. ஓர் இரவின் லைட்டையும் ஃப்ளாட்டையும் ஒரே குரூப்பில் போட்டால் அந்த ஃப்ளாட் அந்த இரவுக்கு மட்டும் பயன்படும். 'மெயின் குரூப்'பில் போடுவது எல்லா இரவுகளுக்கும் பொதுவாகிவிடும். ஆகவே பயாஸை மெயின் குரூப்பிலும், ஃப்ளாட்டுகளைத் தனித்தனி குரூப்பிலும் வையுங்கள். சிரிலில் ஒவ்வொரு இரவையும் தனி சீக்வென்ஸாக (ஃப்ரேம் வரிசையாக) காலிபரேட் செய்து, பிறகு 'மெர்ஜ்' கட்டளையால் ஒன்றாக்கலாம்.

ஹார்ட் டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் படம் மூன்று வண்ணங்களோடு 32 பிட்டில் சுமார் 288 எம்பி. நூறு ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிட்டத்தட்ட 29 ஜிபி.

படி 3: வரைபடத்தைப் படிப்பது

காலிபரேட் செய்த சீக்வென்ஸை ஒருமுறை ரெஜிஸ்டர் செய்தால், அதாவது நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி ஒழுங்குபடுத்தினால், சிரிலின் 'ப்ளாட்' பகுதியில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சில அளவுகள் கிடைக்கும். எஃப்டபிள்யூஹெச்எம் என்பது நட்சத்திரத்தின் அகலம். உச்ச வெளிச்சத்தில் பாதி இருக்கும் இடத்தில் அளந்தது. ரவுண்ட்னெஸ் 1 என்றால் சரியான வட்டம். இவற்றோடு பின்னணி அளவும் நட்சத்திர எண்ணிக்கையும் இருக்கும். ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான்கையும் நேர வரிசையில் அடுத்தடுத்துப் பாருங்கள். இரவின் கதை முழுக்க அதில் இருக்கும்.

நட்சத்திர எண்ணிக்கை திடீரென்று விழுந்து, சில ஃப்ரேம் கழித்துப் பழைய நிலைக்குத் திரும்பினால் அது கடந்துபோன மேகம். எண்ணிக்கை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போய், கூடவே நட்சத்திர அகலமும் கூடினால் லென்ஸில் பனி. அது தானாகத் திரும்பாது. லென்ஸைச் சூடாக்கிய அல்லது துடைத்த இடத்தில்தான் கோடு சட்டென்று சரியாகும். பின்னணி மட்டும் ஒரே ஒரு ஃப்ரேமில் குத்துக்கோடாக எழுந்தால் வண்டி வெளிச்சம். பின்னணி படிப்படியாக உயர்ந்தால் நிலா எழுகிறது, அல்லது பொருள் ஊர் வெளிச்சம் இருக்கும் திசையில் சாய்கிறது. அகலம் கூடாமல் ரவுண்ட்னெஸ் மட்டும் சீரான இடைவெளியில் ஏறி இறங்கினால் அது ட்ராக்கரின் பல்சக்கரப் பிழை. ஒழுங்கே இல்லாமல் அங்கங்கே ரவுண்ட்னெஸ் விழுந்தால் காற்று. ஆடி மாதத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் ட்ரைபாடை நிறுத்தியவர்களுக்கு அது புதிதல்ல.

ஒரு எச்சரிக்கை. கனத்த மேகம் மூடிய ஃப்ரேமில் மங்கலான நட்சத்திரங்கள் மறைந்து, பிரகாசமானவை மட்டும் மிஞ்சும். சில சமயம் அவற்றின் அகலம் நன்றாகவே தெரியும். வெறும் எஃப்டபிள்யூஹெச்எம் அளவை நம்பினால் மோசமான ஃப்ரேம் முதலிடம் பிடித்துவிடும். அதற்காகத்தான் சிரிலில் நட்சத்திர எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்கிடும் 'டபிள்யூ-எஃப்டபிள்யூஹெச்எம்' இருக்கிறது. வடிகட்டுவதற்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: குறையின் வகைப்படி தீர்ப்பு

வடிவம் கெட்டவை வெளியே. நீண்ட நட்சத்திரம், இரட்டையாகத் தெரியும் நட்சத்திரம், முற்றிய பனி: இவற்றுக்கு இரக்கம் காட்ட வேண்டாம்.

வெளிச்சச் சாய்வு மட்டும் உள்ளவை திருத்தத்துக்கு. படத்தின் ஒரு மூலை வெளுத்திருக்கிறது, நட்சத்திரங்கள் நன்றாக இருக்கின்றன என்றால், சீக்வென்ஸ் முழுவதற்கும் பின்னணி நீக்கத்தை முதல் டிகிரியில் ஓட்டுங்கள். முதல் டிகிரி என்பது ஒரு சாய்ந்த தளம், அவ்வளவுதான். தனி ஃப்ரேமில் அதற்கு மேல் போகாதீர்கள். டிகிரி கூடக் கூட மென்பொருள் நெபுலாவின் மங்கலான ஓரத்தையும் பின்னணி என்று நினைத்துக் கழித்துவிடும். நுணுக்கமான பின்னணித் திருத்தத்தை ஸ்டேக் முடிந்த பிறகு ஒரே படத்தில் செய்துகொள்ளலாம். இரண்டு இரவுகளில் பொருள் வெவ்வேறு உயரத்தில் இருந்திருந்தால் சாய்வின் திசையும் மாறியிருக்கும் என்பதால், இந்தத் திருத்தம் ஸ்டேக்குக்கு முன்பே நடப்பது மிக முக்கியம்.

ஓரிடத்தில் மட்டும் குறை உள்ளவை, அதாவது செயற்கைக்கோள் கோடு, விமானம் கடந்தவை, அப்படியே இருக்கட்டும். படி 6-இல் ரிஜெக்‌ஷன் அந்தப் பிக்சல்களை மட்டும் நீக்கிவிடும்.

இரைச்சல் மட்டும் கூடியவை எடைக்கு. நிலா வெளிச்சம், மெல்லிய மேகம், குறுகிய எக்ஸ்போஷர் எல்லாம் இதில் அடங்கும். மெல்லிய மேகத்துக்கு மட்டும் ஒரு விலக்கு: படத்தில் மிகப் பிரகாசமான நட்சத்திரம் இருந்தால் மேகம் அதைச் சுற்றி ஒளிவட்டம் போடும். அதை எடையால் சரிசெய்ய முடியாது. ஓரியனின் இடுப்புப் பட்டை நட்சத்திரங்கள் படத்தில் இருந்தால் மேக ஃப்ரேம்களைத் தள்ளிவிடுவதே நல்லது.

படி 5: ரெஜிஸ்ட்ரேஷனும் ஆதாரப் படமும்

எல்லா இரவுகளையும் ஒன்றாக்கி, 'டூ-பாஸ்' முறையில் ரெஜிஸ்டர் செய்யுங்கள். சிரில் தானே ஒரு நல்ல ஆதாரப் படத்தைத் தேர்ந்தெடுக்கும். ஆனாலும் நான் அதைக் கண்ணால் ஒருமுறை பார்க்காமல் விடுவதில்லை. நட்சத்திரம் கூர்மையாக இருப்பது மட்டும் போதாது. பின்னணி சமமாக இருக்க வேண்டும். மற்ற எல்லா ஃப்ரேமும் இந்தப் படத்தின் அளவுக்கே சமன்படுத்தப்படும்.

வெவ்வேறு கேமரா, லென்ஸில் எடுத்தவற்றை இப்படி ஒரே சீக்வென்ஸில் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாக ஸ்டேக் செய்து, முடிந்த ஸ்டேக்குகளை ஒன்றோடொன்று ரெஜிஸ்டர் செய்யுங்கள்.

படி 6: ஸ்டேக்கிங்

மூன்று அமைப்புகள்தான் முக்கியம். ஒன்று சமன்படுத்துதல். 'அடிட்டிவ் வித் ஸ்கேலிங்' தேர்ந்தெடுங்கள். பின்னணி அளவு வேறுபாட்டையும் ஒளி குறைந்த வேறுபாட்டையும் இது சேர்த்தே சரிசெய்யும். இது இல்லாமல் எடையும் ரிஜெக்‌ஷனும் அர்த்தமற்றவை: நிலா இரவின் ஒவ்வொரு பிக்சலும் மற்ற இரவைவிட வெளிச்சமாக இருப்பதால் எல்லாமே செயற்கைக்கோள் கோடு மாதிரித் தெரியும்.

அடுத்தது எடை. 'நாய்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன விதியை ஒட்டிச் சிரிலே ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எடை போடும். நெபுலா, மங்கலான விண்மீன்திரள் ஆகியவற்றுக்கு இதுவே சரி. கூர்மைதான் உயிர் என்றால், உதாரணத்துக்குப் பங்குனி, சித்திரையில் தெற்கு வானில் சுமார் 33 டிகிரி வரை உயரும் ஒமேகா சென்டாரி போன்ற கோளக் கொத்துக்கு, 'டபிள்யூ-எஃப்டபிள்யூஹெச்எம்' எடை பொருந்தும். அவ்வளவு தாழ்வில் காற்று மண்டலம் தடித்திருப்பதால் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் கூர்மை நிறையவே மாறும்.

மூன்றாவது ரிஜெக்‌ஷன். ஆறு ஃப்ரேமுக்குள் என்றால் பர்சென்டைல் கிளிப்பிங், அதற்கு மேல் வின்சரைஸ்டு சிக்மா கிளிப்பிங், ஐம்பதைத் தாண்டினால் ஜெனரலைஸ்டு இஎஸ்டி. ஒரு பிக்சல் மற்றவற்றிலிருந்து எவ்வளவு விலகினால் வெட்டுவது என்ற வரம்பான சிக்மாவை இரண்டு பக்கமும் 3 வைத்துத் தொடங்கலாம். தரம் வேறுபட்ட ஃப்ரேம்களில் இங்கே ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான ஃப்ரேம்கள் மங்கலாகவும் சில மட்டும் கூர்மையாகவும் இருந்தால், அந்தக் கூர்மையான ஃப்ரேம்களில் நட்சத்திர மையம் மற்றவற்றைவிட மிகப் பிரகாசமாக இருக்கும். அல்காரிதம் அதைப் பிழை என்று எண்ணி வெட்டிவிடும். நீங்கள் ஆசையாகக் காப்பாற்றிய நல்ல ஃப்ரேம்களின் கூர்மைதான் முதலில் பலியாகும். 'ரிஜெக்‌ஷன் மேப்'பை உருவாக்கச் சொல்லிப் பாருங்கள். அதில் கோடுகள் தெரிந்தால் சரி. நட்சத்திரங்கள் தெரிந்தால் மேல்பக்கச் சிக்மாவை 4, 5 என்று உயர்த்துங்கள், அல்லது மங்கலான ஃப்ரேம்களை இன்னும் கொஞ்சம் கழியுங்கள்.

படி 7: உண்மையிலேயே லாபமா என்று பார்ப்பது

நல்ல ஃப்ரேம்களை மட்டும் வைத்து ஒரு ஸ்டேக். எல்லாவற்றையும் எடையோடு சேர்த்து இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே ஆதாரப் படம். நட்சத்திரமோ நெபுலாவோ இல்லாத ஒரே இடத்தைச் சதுரமாகத் தேர்ந்து, 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' சாளரத்தில் பின்னணி இரைச்சலை ஒப்பிடுங்கள். அப்புறம் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் அகலத்தையும் ஒப்பிடுங்கள். இரைச்சல் குறைந்து, அகலம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தது லாபம். இரைச்சல் துளிகூடக் குறையாமல் அகலம் கூடியிருந்தால் கழித்த ஸ்டேக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் பாதிப் பாதி என்றால் இரண்டையும் பயன்படுத்த வழி இருக்கிறது. வெளிச்சத்தின் விவரத்தைக் கூர்மையான ஸ்டேக்கிலிருந்தும், நிறத்தை எல்லாம் சேர்ந்த ஸ்டேக்கிலிருந்தும் எடுங்கள். நம் கண் நிறத்தில் உள்ள மங்கலைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. நிறத்தில் உள்ள இரைச்சலைத்தான் உடனே பிடித்துவிடும்.

எக்ஸ்போஷர் நேரமே வேறுபட்டால்

ஒரே வானத்தில், பின்னணி வெளிச்சமே இரைச்சலைத் தீர்மானிக்கும் நிலையில், 120 விநாடி ஃப்ரேம் ஒன்றுக்கு 30 விநாடி ஃப்ரேம் நான்கு சமம். சென்சாரைப் படிக்கும்போது சேரும் இரைச்சலால் குறுகியவை அதைவிடச் சற்றுப் பின்தங்கும். இவற்றுக்குத் தனித்தனி டார்க் போட்டுவிட்டால், நாய்ஸ் எடையோடு ஒரே ஸ்டேக்கில் சேர்க்கலாம்.

ஓரியன் நெபுலா விதிவிலக்கு. அதன் நடுப்பகுதி 120 விநாடியில் வெந்து வெளுத்துவிடும். அங்கே சராசரிக்கு வேலையே இல்லை. வெளுத்த பிக்சலில் தகவல் எதுவும் மிச்சமில்லை. 5 விநாடி ஃப்ரேம்களைத் தனி ஸ்டேக்காக எடுத்து, 'லீனியர் மேட்ச்' மூலம் நீண்ட ஸ்டேக்கின் அளவுக்குக் கொண்டுவந்து, நீண்ட ஸ்டேக்கில் உச்சத்தைத் தொட்ட இடங்களில் மட்டும் பதிலாக வையுங்கள். ஓரத்தை மெல்லக் கரையவிட்டால் ஒட்டுத் தெரியாது. டீப்ஸ்கைஸ்டேக்கரில் 'என்ட்ரோபி வெய்ட்டட் ஆவரேஜ்' இதே நோக்கத்துக்காக இருக்கிறது, ஆனால் நினைவகம் நிறையத் தின்னும்.

கோள்களுக்கு இந்த வழிகாட்டி முழுவதையும் மறந்துவிடுங்கள். வியாழனுக்கும் சனிக்கும் வெளிச்சம் தாராளம், தட்டுப்பாடு கூர்மைக்குத்தான். அங்கே ஆயிரக்கணக்கான வீடியோ ஃப்ரேம்களில் சிறந்த சிறு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிவதே சரி. ஆட்டோஸ்டேக்கர்ட் மாதிரி மென்பொருள்கள் அதற்காகவே உள்ளவை.

அடுத்த பருவத்துக்கு

தென்மேற்குப் பருவத்தில் இங்கே மாதக்கணக்கில் வானம் கிடைக்காது. தை பிறந்ததும் அதே பொருளுக்கு மறுபடி போவீர்கள். ஆகவே காலிபரேட் செய்த தனி ஃப்ரேம்களை அழிக்காமல் வைத்திருங்கள்; புது ஃப்ரேம்களோடு சேர்த்துப் படி 5-இலிருந்து மறுபடி தொடங்குவதுதான் சிறந்த வழி. இடம் இல்லையென்றால், ஸ்ட்ரெட்ச் செய்யாத (மங்கலானவை தெரியும்படி வெளிச்சத்தை இழுத்துக் கூட்டாத) ஸ்டேக்கையாவது 32 பிட் ஃபிட்ஸ் கோப்பாக வையுங்கள். புது ஸ்டேக்கைப் பழையதோடு ரெஜிஸ்டர் செய்து, லீனியர் மேட்ச் செய்த பிறகு இரண்டின் பின்னணி இரைச்சலையும் அளந்து, அதே விதிப்படி எடை போட்டு 'பிக்சல் மேத்'தில் கூட்டுங்கள். பழையதில் 3, புதியதில் 2 என்று வந்தால் எடை 4:9.